புகைச் சோதனையில் தேறிய கார்

என்னுடைய மூத்த பிள்ளை காற்றுப் பட்டுச் செத்துப்போனது என்று சொல்கிறவர்கள் வட்டகொடையில் இன்னும் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். கார்க் கண்ணாடியை இறக்கி அந்தக் காற்றை உள்ளே விட்டவள் நான்தான் என்றும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர், நாலெழுத்துப் படித்தவள், இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அன்றைக்கு என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும், வாய் அவர்களுடையது. ஆனால் அந்தக் கண்ணாடியை நான் ஏன் இறக்கினேன், அதற்கு முன்னால் காருக்குள் என்ன இருந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஏறத்தாழ ஒரு வருஷம் எனக்கே அது தெரியாது.

எழுபதுகளின் கடைசிக் காலம். என் புருஷன் இலங்கை மலைநாட்டில், வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டினார். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் அது. துரை ஓட்டித் தேய்த்து, அவருக்குப் பிறகு பெரிய கிளாக்கர் ஓட்டித் தேய்த்து, மிச்சத்தை இவர் வாங்கினார். கறுப்பு நிறம். கதவைச் சாத்தினால் மறுபக்கத்துக் கதவு திறந்துகொள்ளும். முன்னால் கண்ணாடிக்குக் கீழே ஒரு மாதா படமும் ஒரு பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிடுகிறவர்கள், அவர்களுக்கும் ஒரு தைரியம் வேண்டாமா என்பார். அந்தக் காரில் போக இரண்டு பேருடைய துணையும் தேவைதான் என்று நான் சொல்வேன்.

அந்தக் காரை நான் ‘மூத்தாள்’ என்றுதான் சொல்வேன். எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்தவள். காலையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றும் முன்னால் மூத்தாளுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். குளிரில் இஞ்சின் இறுகிக் கிடக்கும். பனிக்காலத்தில் ராத்திரி முழுக்க பொனட்டின் மேல் கம்பளி போர்த்தி வைப்பார். எனக்கு ஒரு கம்பளி, அவளுக்கு ஒரு கம்பளி. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றி இஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். அப்படி ஓடுகிற இஞ்சினை நடுவழியில் நிறுத்தினால் போச்சு. மறுபடி கிளப்ப அரைமணி நேரம் அவளைக் கெஞ்ச வேண்டும். அதனால் யாரை ஏற்றினாலும் இறக்கினாலும் இஞ்சின் உறுமிக்கொண்டேதான் நிற்கும்.

பின் சீட்டுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து உதிர்ந்துபோய், தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டி அடித்திருந்தார். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. ரோட்டுத் தண்ணீர் அதுவழியாகப் பாய்ந்து காலை நனைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை புகை. இஞ்சின் ரிங் தேய்ந்துபோய் எண்ணெய் குடித்தது. ஏற்றத்தில் போனால் பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது. “என்னாங்க, ஒங்க மூத்தாளுக்கு இன்னிக்கும் இருமலா?” என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே போவார். அப்போதெல்லாம் எங்களுக்குச் சிரிக்க முடிந்தது.

சிரிப்புக்கு அடியில் ஒரு குறை இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. அடுத்த வீட்டில் என் புருஷனின் அக்கா இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். தம்பியை வளர்த்தவர், புருஷனை இழந்தவர், தோட்டத்தில் கொழுந்தெடுத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. “காருக்கு ஊத்துற எண்ணெய விளக்குக்கு ஊத்தியிருந்தாலும் ஒரு புள்ள பொறந்துருக்கும்” என்பார். நான் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன். அங்கே முப்பது நாற்பது பிள்ளைகள் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும், ஒன்றுகூட என்னுடையது இல்லை.

பிறகு ஒருவழியாக நான் உண்டானேன். அவர் பண்ணின அலப்பறையைச் சொல்ல வேண்டுமே! ஸ்டேஷனில் கோச்சி விட்டு இறங்குகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பெட்டி படுக்கையோடு அழுதுகொண்டு ஏறுகிற குடும்பத்திடமும் சொன்னார் என்று கேள்விப்பட்டு, எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. “எம் புள்ள எஞ் சொந்தக் காருலதான் வீட்டுக்கு வரணும்” என்று ஒரே பிடிவாதம். தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளோடு பிள்ளை பெற்றவர்களை ஏற்றி வருவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். அவரையே அவருடைய அம்மா அப்படித்தான் கொண்டுவந்தார்களாம். அந்த ஆசையில் தப்பு என்ன இருக்கிறது? இன்றைக்கும் என்னால் அதில் தப்புக் காண முடியவில்லை.

பிரசவம் நுவரெலியா ஆஸ்பத்திரியில். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. எனக்குக் காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. பால் குடித்தாள், அழுதாள், பக்கத்துக் கட்டில்காரியின் பிள்ளையையும் அழவைத்தாள். கையை விரித்து என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள். ஞானஸ்நானத்துக்குப் பேர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த நேரத்தில்தான் காரின் வருஷச் சோதனை வந்து நின்றது. வாடகைக் கார் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதகர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக், லைட், ஸ்டீயரிங், அதோடு புகை. பாஸானால் ஒரு துண்டுக் காகிதம் தருவார்கள், முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். அது இல்லாமல் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும், கார் முற்றத்தில் நிற்க வேண்டியதுதான். சோதனை நடக்கிற இடமும் நுவரெலியா. காலையில் காரைக் காட்டிவிட்டு, பாஸான கையோடு என்னையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று கணக்குப் போட்டிருந்தார். மற்ற வாடகைக் கார்க்காரர்கள், “ஒன் வண்டி பொகைக்கு எக்ஸாமினர் மாத்தயா மயக்கம் போட்டு விழுந்துருவாரு” என்று கேலி செய்தார்களாம்.

அன்று மத்தியானம் அவர் வார்டுக்கு வந்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது. “பாஸு! பொகையில கூட பாஸு!” என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. “மூத்தாளா? நெசமாவா?” என்றேன். “வெள்ளக் கைக்குட்டைய சைலன்சருக்குப் பின்னாடி புடிச்சுப் பாத்தாரு புள்ள, ஒரு பொட்டு அழுக்கு இல்ல” என்றார். எப்படி என்று கேட்டேன். “எல்லாம் நம்ம கராஜ் பாஸோட கைவேல” என்று சொல்லிக் கண்ணடித்தார். பாஸ் என்பது பஸாரில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக். அவர் ஏதோ ரிங்கை மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையைத் துணியில் சுற்றுகிற அவசரத்தில் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

மதினியும் கூட வந்திருந்தார். தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளிகள் இரண்டையும் கொஞ்சம் வேப்பிலையையும் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளை வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் அது ஒரு பெரிய காரியம். காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டி, உள்ளங்கால் வரைக்கும் மூட வேண்டும். காற்றுப் பட்டால் ஜன்னி வரும், பால் வற்றும், பிள்ளைக்கு மாந்தம் கட்டும். “பச்ச ஒடம்புக்காரி. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது, கண்ணாடியெல்லாம் ஏத்து தம்பி” என்றார். பின் கண்ணாடிகள் இரண்டையும் ஏற்றி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தார். மதினிக்கு அப்படியும் மனசு ஆறவில்லை. என் புருஷன் சிகரெட் சாம்பல் தட்டுவதற்காக அவர் பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் திறந்தே வைத்திருப்பார், அதுவழியாகக் காற்று வருமே என்று முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே ஒரு கம்பளியைத் திரை மாதிரி கட்டினார். மற்றக் கம்பளி எங்கள் மேல். நானும் பிள்ளையும் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருப்பதுபோல இருந்தோம். அவர் முன்னால் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நானுஓயா தாண்டும்வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. வெளியே மழைத்தூறல், பனிமூட்டம். வழக்கமாக அந்தக் காரில் பின்னால் உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும். அன்றைக்குப் பலகை இடுக்கு வழியாக வெதுவெதுவென்று சூடு வந்தது. அட, மூத்தாளுக்கும் இன்றைக்கு நம்மேல் பாசம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். வாசம் ஒன்றும் புதிதில்லை, அந்தக் காருக்குள் எப்போதும் இருக்கிற எண்ணெய்வாசம்தான். பிள்ளை மடியில் தூங்கினாள்.

ராதெல்லைக்குக் கிட்ட ஒரு வளைவில் கொழுந்து லொறி ஒன்று பின்சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வேன், திருப்பவும் இடமில்லை. என் புருஷன் இறங்கிப்போய் அவர்களோடு சேர்ந்து தள்ளினார். இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கிளம்பாது, பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மழையில் யார் ஹேண்டில் போட்டுச் சுற்றுவது? கார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

மதினி கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தார். அவருக்குத் தலைவலி, நெற்றியில் சீலைத் தலைப்பை இறுக்கிக் கட்டியிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அடியாத்தே! கன்னத்தப் பாரு! ரோசாப்பூ கணக்கா செவந்து கெடக்கு. நம்ம சாதியில ஏது இந்த நெறம், தொரைமாரு புள்ளயல்லோ இது!”

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். உதடு, கன்னம், நெற்றியெல்லாம் இளஞ்சிவப்பு. ஆஸ்பத்திரியில் அவள் இத்தனை சிவப்பில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை. என் பிள்ளை எத்தனை அழகு, இந்தச் சூட்டுக்கு எத்தனை நன்றாகத் தூங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவி, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கும் தலைக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல இருந்தது. கண் செருகியது. “மதினி, வாந்தி வருது” என்றேன். “வளைவு ரோடுல்ல, அப்பிடித்தான் இருக்கும். வேப்பெலய மோந்து பாரு, கண்ணாடிய மட்டும் தொறந்துறாத” என்றார். வளைந்து வளைந்து போகிற அந்த ஹட்டன் ரோட்டில் வாந்தி எடுக்காதவர்கள் யார்? கார் நின்றுகொண்டிருக்கிறது, நிற்கிற காரில் வளைவு எங்கே வந்தது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. துணியைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றை நான் தண்ணீர் குடிப்பதுபோலக் குடித்தேன்.

மதினி போட்ட கூச்சலில் என் புருஷன் ஓடிவந்தார். “புள்ள மேல காத்துப் படுதுடி! மூடு! மூடு!” மதினியே கம்பளிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை ஏற்றினார். அதற்குள் லொறியும் நகர்ந்துவிட்டது. கார் கிளம்பியது.

தலவாக்கலை வந்ததும் பால் கொடுக்கலாம் என்று பிள்ளையை எழுப்பினேன். எழும்பவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். கையை விரித்து என் விரலை வைத்தேன், பிடிக்கவில்லை. நான் கத்தியதில் அவர் காரைக் கடைவீதி நடுவிலேயே நிறுத்தினார். அங்கேயே ஒரு டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பூட்டியிருந்தது. அங்கே கடைவாசலில் நின்ற மருத்துவச்சி ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, “நெஞ்சுல பனிக்காத்து அடிச்சிருச்சு” என்றாள். உடனே மதினி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எதைக் கொண்டு மறப்பது?

வட்டகொடைக்கு வந்தோம். சொன்னபடியே பிள்ளை சொந்தக் காரில்தான் வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்த பெண்களெல்லாம், “என்னா நெறம், தூங்குற மாதிரியே இருக்கே” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அழுதுவிட்டு, கிணற்றடியில் போய், “கண்ணாடியத் தொறந்தாளாம்ல” என்றார்கள். மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாகப் புதைத்தோம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, நான் குசினி ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். மார்பில் பால் கட்டி வேதனை. என் புருஷன் முற்றத்தில் காருக்குப் பின்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, வளைத்த கம்பியால் சைலன்சருக்குள்ளே இருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். கரியாகிப்போன ஒரு உருண்டை வந்தது. அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் ஓடுகிற ஆற்றில் கொண்டுபோய் எறிந்துவிட்டார். பிள்ளையைப் புதைத்த ஈரம் காயவில்லை, இந்த மனுஷனுக்குக் கார் வேலை கேட்குதாக்கும் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

அதற்குப் பிறகு அவர் கார்க் கண்ணாடிகளை ஏற்றவே இல்லை. மழையோ பனியோ, நாலு கண்ணாடியும் இறங்கித்தான் இருக்கும். கந்தப்பளைக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் பல் கிட்டித்து இறங்கினார்கள். “பைத்தியம் புடிச்சிருச்சு இவனுக்கு” என்று பேசிக்கொண்டார்கள். வாடகைக்குக் கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள். துக்கத்தில் செய்கிறார் என்று நினைத்தேன். முன் கண்ணாடியில் அந்தச் சோதனைக் காகிதம் மட்டும் அழுக்குப்படாமல் ஒட்டியிருந்தது.

என்னுடைய நிலைமையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இருமினாலும், தாய்மார் என்னிடமிருந்து பிள்ளையைத் தள்ளி உட்காரவைப்பது போல எனக்குத் தோன்றும். ஒருத்தி நேராகவே சொன்னாள், “டீச்சர், ஜன்னல மூடிருங்க, ஒங்களுக்குத்தான் காத்துன்னா புடிக்குமே.” இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லி அழுதேன். அவர் கேட்டார். எழுந்து வெளியே போனார்.

அடுத்த பனிக்காலத்தில் தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடொன்றில் ஒரு காவல்காரரும் அவர் மனைவியும் செத்துப்போனார்கள். குளிர் தாங்காமல் தகரச்சட்டியில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டி, கதவிடுக்கெல்லாம் சாக்கை அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். என் வகுப்புப் பிள்ளையின் தாத்தா பாட்டி என்பதால் நான் துக்கத்துக்குப் போனேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். எட்டிப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். வயதான அந்த இரண்டு கறுத்த முகங்களிலும் அந்த நிறம் இருந்தது. என் பிள்ளையின் நிறம்.

பக்கத்தில் தோட்டத்து டொக்டர் ஐயா நின்றார். “இவங்க ஏன் இப்பிடிச் செவந்திருக்காங்க?” என்று கேட்டேன்.

“கரிப்பொகை டீச்சர். பூட்டுன எடத்துல அதக் குடிச்சா ரத்தம் செவந்துரும். தூங்குற மாதிரியே போயிருவாங்க, ஒண்ணும் தெரியாது. மோட்டார் பொகையும் இதேதான். கராஜ் கதவ மூடிக்கிட்டு இஞ்சின ஓடவிட்டவன் ஒருத்தன நான் கொழும்புல பாத்தேன்.”

“சின்னப் புள்ளைங்களுக்கு?”

“அதுங்களுக்கு இன்னும் சீக்கிரம்” என்றவர், அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

லயத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அவர் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். “அன்னிக்கு சைலன்சருக்குள்ள இருந்து ஒண்ணு எடுத்தீங்களே, என்னா அது?” என்று கேட்டேன். துணியால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை.

பிறகு சொன்னார். தோட்டத்துத் தொழிற்சாலை ஸ்டோரில் தேயிலை சலிக்கிற கிழிந்த சல்லடையிலிருந்து கம்பிவலையை வெட்டி, தேயிலை சலிக்கும்போது பறந்து சுவரோரம் படிகிற பஞ்சு மாதிரித் தூசியை நனைத்து உள்ளே வைத்துச் சுருட்டி, சைலன்சர் குழாய்க்குள் திணித்திருக்கிறார் பாஸ். கறுப்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும், கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கும். பின்னால் போக முடியாத புகை குழாயில் முன்னால் துருப்பிடித்திருந்த ஓட்டைகள் வழியாக, பலகை இடுக்குக்குள் வரும் என்று பாஸும் நினைக்கவில்லை, இவரும் நினைக்கவில்லை. சோதனை முடிந்ததும் இவர் எடுக்கப் பார்த்தாராம். சூட்டில் இறுகிக்கொண்டு வரவில்லை. நான் வேறு கட்டிலைக் காலி பண்ணிவிட்டு வராந்தாவில் குளிரில் காத்திருப்பேனே என்று, வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“கம்பியால இழுத்தேனே, அன்னிக்கு. பாதி தெரியும் புள்ள. பாதி தெரியாது.”

“தெரிஞ்ச பாதியச் சொல்லியிருக்கலாம்ல? ஊரே என்னயக் கரிச்சுக் கொட்டுச்சே, காதுல விழலயா ஒங்களுக்கு?”

“சொன்னா நீ எம் மொகத்துல முழிப்பியா?”

“இப்ப மட்டும் முழிப்பேன்னு நெனச்சீங்களா?”

கையில் கிடைத்த ஸ்பேனரை எடுத்துக் காரின் மேல் எறிந்தேன். கதவில் பட்டு விழுந்தது. பிள்ளையைக் கொன்றதைக்கூட நான் மன்னித்துவிடுவேன் போலிருந்தது, அது தெரியாமல் நடந்தது. பழியை என் தலையில் வைத்துவிட்டு அதே வீட்டில் என் கையால் சோறு வாங்கித் தின்றாரே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சை விட்டேன். சமைத்து வைப்பேன், அவர் சாப்பிட்டுப் போவார். மதினி என்னைத்தான் திட்டினார், “புள்ளயையும் தின்னுட்டு புருஷனையும் பட்டினி போடுறா” என்று. அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சோதனைக் காகிதத்தின் தவணை மறுபடி முடிந்தது. முதல் நாள் சாயந்திரம் பாஸ் கையில் ஒரு சுருட்டிய கம்பிவலையோடு வந்தார். அவருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றும் தெரியாது. “போன வருஷம் மாதிரியே வச்சிருவோம்” என்றார். என் புருஷன் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. “வேணாம் பாஸ், நீங்க போங்க” என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடிந்ததும் வாசலில் நின்று, “நீயும் வா” என்றார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். நாலு கண்ணாடியும் திறந்திருக்க, நுவரெலியா வரைக்கும் விறைத்துக்கொண்டு போனோம்.

பரிசோதகர் போன வருஷத்து ஆள்தான். வயதான சிங்களவர், சிரித்த முகம். பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார். பின்னால் போய் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கையசைத்தார். என் புருஷன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மிதித்தவர் விடவில்லை. நீலமும் கறுப்புமாகப் புகை கிளம்பி அந்த முற்றத்தையே மூடியது. வரிசையில் நின்ற கார்க்காரர்களெல்லாம் இருமிக்கொண்டு ஓடினார்கள். பரிசோதகர் கத்திக்கொண்டே முன்னால் வந்தார். “மே மொகத?” என்றார், என்ன இது என்று.

“தன்னவா மாத்தயா” என்றார் என் புருஷன். தெரியும் ஐயா.

போன வருஷம் பாஸான கார் இந்த வருஷம் இப்படிப் புகைவிடுவது எப்படி என்று அவர் கேட்டார். என் புருஷன் இறங்கி நின்று, போன வருஷம் பொய் என்றார். அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அவருக்கு முன்னாலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் பெயில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இனி ரோட்டில் ஓட்டக்கூடாது, இங்கேயே விட்டுவிட்டுப் போ என்றார். அழுக்கான கைக்குட்டையை வீசப் போனார். “அத எனக்குத் தாங்க மாத்தயா” என்று என் புருஷன் கைநீட்டி வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கார் அதற்குப் பிறகு எங்கள் முற்றத்துக்கு வரவே இல்லை. இரும்பு விலைக்குப் போனது.

நானுஓயாவுக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கோச்சியில் வட்டகொடைக்கு வந்தோம். மதினி எங்கள் வாசலில் இரண்டு மூன்று பெண்களோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நடந்து வருவதைப் பார்த்ததும், “காரு எங்க தம்பி? இவளக் கூட்டிக்கிட்டுப் போனியே, வெளங்குமா?” என்றார்.

அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அக்காவின் மடியில் விரித்துப் போட்டார். நடுவில் தார் மாதிரிக் கறுப்பு.

“இந்தாக்கா. நீ ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கியே காத்து, அது இதுதான். இது எங் காருல இருந்து வந்துச்சு. இவ கண்ணாடியத் தொறந்ததுனாலதான் இவளாச்சும் மிஞ்சினா.”

மதினி அதைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது. என்னைப் பார்த்தார். கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். கிழவிக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், நடுவில் அந்தக் கம்பளியைக் கட்டியது யார் என்று. மற்றப் பெண்கள் மெல்ல எழுந்து போய்விட்டார்கள்.

அவர் சொல்லிவிட்டார், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அது போதுமா என்று கேட்டால், போதாது. நான் உள்ளே போய் அடுப்பை மூட்டினேன். புகை வந்தது, ஜன்னலைத் திறந்தேன். யாரும் மூடு என்று சொல்லவில்லை.